பழைய வார்ஹேமர்: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

ஐந்து வரிசையாக நிற்கும் 25 ஈட்டிக்காரர்கள் மீது ஐந்து கவசக் குதிரைவீரர்கள் நேருக்கு நேராக வந்து மோதுகிறார்கள். யார் ஜெயிப்பார்கள்? வார்ஹேமர் ஆடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. "எத்தனையாவது பதிப்பு?" என்ற எதிர்க்கேள்விதான் வரும். 1983-இல் தொடங்கி 2010 வரை அந்த விளையாட்டின் விதிப்புத்தகம் எட்டுப் பதிப்புகளாக எழுதப்பட்டது. அதே குதிரை, அதே ஈட்டி. ஆனால் ஒரு புத்தகத்தில் குதிரைவீரன் ராஜா, இன்னொன்றில் சேற்றில் சிக்கிய மாடு.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு பத்தி. ஆறடிக்கு நான்கடி மேஜை. அதன்மேல் விரல் உயரத்துக்கு வர்ணம் பூசிய மனிதர்கள், குள்ளர்கள், எல்ஃப்கள், கோப்ளின்கள், எலும்புக்கூடுகள். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு சிறு சதுரத் தட்டு. அந்தச் சதுரங்களை ஒட்டி அடுக்கினால் படைப்பிரிவு. இஞ்ச் டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். என் முறையில் என் படை முழுவதும் நகரும், சுடும், மந்திரம் போடும், மோதும். அப்புறம் உங்கள் முறை. ஒரு ஆட்டம் முடிய மாலைப்பொழுது முழுவதும் போய்விடும். கணினித் திரை கிடையாது, பேட்டரி கிடையாது. இருந்தாலும் இதை ஒரு கருவியாக வைத்து விமர்சிக்கலாம். விதிப்புத்தகம்தான் இதன் மென்பொருள், பதிப்பு எண் அதன் வெர்ஷன்.

புத்தகங்களை அலமாரியில் அடுக்கிப் பார்த்து எழுதுவதில் அர்த்தமில்லை என்பதால் நானும் நண்பர் ஒருவரும் ஆடிப் பார்த்தோம். பொம்மைகளுக்குச் செலவழிக்கவில்லை. திருமணப் பத்திரிகை அட்டைகளை 20 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் சதுரங்களாக வெட்டி, குதிரைக்கு 25-க்கு 50 என்று செவ்வகம் வெட்டி, ஒவ்வொன்றிலும் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டோம். விதிகளைச் சோதிக்க அது போதும். அட்டையை எந்தப் பதிப்பும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிப்புகளைப் பிரித்துக் காட்டுவது எந்த ராட்சதனுக்கு எத்தனை அடி என்பதல்ல. ஒவ்வொரு புத்தகமும் ஆட்டக்காரரிடமிருந்து எதை மறைத்து வைக்கிறது என்பதுதான். போர் என்றால் ஏதோ ஒன்று தெரியாமல் இருக்க வேண்டும். அந்தத் தெரியாமையை எங்கே வைப்பது என்பதில்தான் எட்டுப் பதிப்புகளும் சண்டை போட்டுக்கொள்கின்றன.

விளையாட்டு பிறந்த கதையில் கலை பாதி, கடைக்கணக்கு பாதி. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பக்கம் சிட்டாடல் மினியேச்சர்ஸ் என்ற நிறுவனம் ஈய பொம்மைகள் வார்த்து விற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறவர்கள். அந்த ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு பொம்மை இருந்தால் போதும். ஒருவர் ஒன்று வாங்கினால் வியாபாரம் எப்படி ஓடும்? கோப்ளின்களை நாற்பது நாற்பதாக வாங்க ஒரு காரணம் வேண்டும். நிறுவனத்தை நடத்திய பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி மூவரும் சேர்ந்து அந்தக் காரணத்தை எழுதினார்கள். ஹாலிவெல்லும் பிரீஸ்ட்லியும் அதற்கு முன்பே, 1978-இல், ‘ரீப்பர்’ என்று ஒரு மாயப்போர் விதிநூல் எழுதியவர்கள். புதிதாக வந்தவர்கள் இல்லை.

1983-இல் வந்த முதல் பதிப்பு ஒரு பெட்டி, உள்ளே மூன்று கறுப்பு வெள்ளைச் சிறுநூல்கள்: போர், மந்திரம், கதாபாத்திரங்கள். ‘பெரும்படைக் கற்பனைக் கதாபாத்திர விளையாட்டு’ என்ற ரீதியில் அட்டையிலேயே ஒரு விளக்கம். பெரும்படை ஆட்டமா, கதாபாத்திர ஆட்டமா என்று அவர்களுக்கே அப்போது முடிவாகவில்லை. படிக்கச் சுவாரஸ்யம். ஆட உட்கார்ந்தால் பாதிக் கேள்விகளுக்கு நாமே பதில் கண்டுபிடிக்க வேண்டும். சேகரிப்பாளர்களிடம் விட்டுவிடலாம்.

மறுவருடமே, 1984-இல், இரண்டாம் பதிப்பு. விதிகள் தெளிந்தன. ஆனால் அந்தப் பதிப்பின் உண்மையான செல்வம் அதற்கென்று வந்த கதைப் பெட்டிகள்தான். 1986-இல் வந்த ‘மெக்டெத்’ அவற்றில் ஒன்று. பெயரிலேயே தெரிகிறதே, ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’தைக் கிண்டல் செய்து எழுதிய போர்க்கதை. அதில் சுரங்கத் தொழிலாளிக் குள்ளர்களின் தலைவன் பெயர் ஆர்க்கா ஸார்குல். எதிர்ப்பக்கம் ஈன் மெக்ரெக்கர் என்று ஒருவன். 1984-85 நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தை நினைவில் வைத்திருக்கும் பிரிட்டிஷ்காரருக்கு இது புரியாமல் போகாது. தொழிற்சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில், நிலக்கரி வாரியத் தலைவர் இயன் மெக்கிரெகர் இருவரையும் பெயர் மாற்றி மேஜையில் இறக்கிவிட்டார்கள். நாட்டிங்ஹாம்ஷயர் சாதாரண இடமில்லை. அங்குள்ள சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேராமல் வேலைக்குப் போனவர்கள், அந்தப் பிளவு பல குடும்பங்களைக் கிழித்தது. அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு அடுத்த வருடமே அதைக் குள்ளர்களின் கதையாக்கும் துணிச்சல் பின்னால் வந்த பளபளப்பான புத்தகங்கள் எதிலும் இல்லை.

மூன்றாம் பதிப்புக்கு வருவோம். 1987. ஜான் சிபிக் வரைந்த அட்டைப்படத்துடன் ஒரே கெட்டி அட்டைப் புத்தகம். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ‘ஓல்ட்ஹேமர்’ என்று சொல்லிக்கொண்டு பழைய ஆட்டத்துக்குத் திரும்பிய கூட்டம் பெரும்பாலும் இந்தப் புத்தகத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. ஏன் என்று பக்கம் திருப்பும்போதே புரியும். ஒவ்வொரு வீரனுக்கும் பன்னிரண்டு எண்கள். நகர்வு, கைத்திறன், குறி, பலம், உறுதி, காயம், சுறுசுறுப்பு, தாக்குதல் என்று எட்டு. அதோடு நிற்காமல் தலைமை, புத்தி, பதறாமை, மனத்திடம் என்று மனசுக்கு மட்டும் நான்கு! பயப்படுவதற்கு ஒரு எண், மந்திரத்துக்கு மசியாமல் நிற்க இன்னொரு எண். ஒரு சாதாரண கோப்ளினின் புத்திக்கூர்மையை எண்ணாக எழுதி வைத்த புத்தகத்தை எப்படி நேசிக்காமல் இருப்பது?

ஆடும்போதுதான் பாரம் தெரிகிறது. படைப்பிரிவு வளைவது, திரும்புவது, வரிசையை விரிப்பது, சிதறி நிற்பது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி. சண்டை முடிந்தபின் எதிரியிடமிருந்து தள்ளி நிற்கும் பிரிவுகள் மறுபடி நகர்வதற்கென்றே ‘ரிசர்வ்’ என்று ஒரு கட்டம். மந்திரவாதிக்கு ஒரு மந்திரப் புள்ளிக் கையிருப்பு. செலவு செய்யச் செய்யக் குறைந்துகொண்டே போகும், பேப்பரில் அடித்து அடித்து எழுத வேண்டும். எங்கள் ஈட்டிக்காரர்கள் மீது குதிரைகள் மோதியபோது நடந்தது இது: தோற்ற பக்கம் உடனே ஓடவில்லை, பின்னால் தள்ளப்பட்டது. ஜெயித்த பக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டு முன்னேறியது. அடுத்த முறை மறுபடி மோதல், மறுபடி தள்ளல். படைகள் மேஜையின் குறுக்கே இழுபறியாக நகர்ந்தன. நிஜமான வரிசைப்போர் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்ற வைத்த ஒரே பதிப்பு இது. கடைசியில் உடைந்து முதுகு காட்டினால் ஓடுகிறவர்களை இலவசமாக வெட்டலாம், அது பயங்கரம்.

இந்தப் பதிப்பு எதை மறைக்கிறது? நடுவரின் மனசை. இரண்டு பேர் ஆட, மூன்றாவது ஒருவர் நடுவராக இருந்து கதையைச் சொல்லி, ரகசியங்களைக் காத்து, சந்தேகங்களைத் தீர்ப்பதுதான் இதற்குப் பொருந்திய முறை. நல்ல நடுவர் கிடைத்தால் இதைப்போல ஒரு மாலை அமையாது. அந்த மூன்றாவது ஆளை எங்கே பிடிப்பது? ஆட வருகிறவரே அபூர்வம். நடுவர் இல்லாமல் ஆடினால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் புத்தகத்தைத் திறக்கிறோம். இதன் துணைநூல்களான ‘ரெல்ம் ஆஃப் கேயாஸ்’ இரண்டு தொகுதிகளைப் (1988, 1990) பற்றித் தனியாகவே எழுத வேண்டும். தீய தெய்வங்களுக்கு அடிமையானவனின் உடம்பில் என்ன விகாரம் முளைக்கும் என்று பார்க்கப் பக்கம் பக்கமாக அட்டவணைகள் போட்டவர்களுக்கு ஆட்டச் சமநிலை என்ற கவலையே இருந்திருக்காது. படிக்க அற்புதம்.

1992-இல் காற்று மாறியது. நான்காம் பதிப்பு மறுபடி பெட்டியாக வந்தது. உள்ளே உயர்குல எல்ஃப்களும் கோப்ளின்களும் பிளாஸ்டிக்கில் குவியலாக. மனசுக்கான நான்கு எண்கள் ‘தலைமை’ என்ற ஒன்றாகச் சுருங்கின. பன்னிரண்டு ஒன்பதானது. பத்து வயதுப் பையன் பெட்டியைத் திறந்து அன்றைக்கே ஆடலாம். ஒவ்வொரு இனத்துக்கும் தனி ‘ஆர்மி புக்’ என்ற வழக்கம் இங்கேதான் ஆரம்பம். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அதுதான் பெரிய கண்டுபிடிப்பு. 1996-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, பிரெட்டோனிய குதிரைவீரர்களும் பல்லிமனிதர்களும் கொண்ட பெட்டி, இதன் தம்பிதான். இரண்டையும் சேர்த்தே பேசலாம்.

இங்கே தெரியாமை சீட்டுக்கட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மந்திரக் கட்டத்தில் பகடை உருட்டி அந்த எண்ணிக்கைக்குச் சீட்டுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கையில் சக்திச் சீட்டா, மந்திரத்தை முறிக்கும் சீட்டா என்பது எதிராளிக்குத் தெரியாது. சீட்டு விளையாட்டாகப் பார்த்தால் அருமை. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "போடு போடு, பார்க்கலாம்" என்று சொல்லும் சுகம் வேறு எந்தப் பதிப்பிலும் இல்லை. ஆனால் அந்த நேரம் முழுவதும் மேஜையில் படைகள் சும்மா நிற்கின்றன.

அதைவிடப் பெரிய நோய், நாயகர்கள். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு புள்ளி விலை உண்டு; படைக்கான புள்ளிகளில் பாதி வரை தலைவர்களுக்கே செலவழிக்கலாம் என்று விதி இடம் கொடுத்தது. டிராகன் மேல் ஒரு பிரபு, அவன் கையில் சீட்டாக அச்சடித்த மாயவாள், கழுத்தில் தாயத்து. அவன் வந்து இறங்கினால் முன்வரிசை ஈட்டிக்காரர்கள் திருப்பி ஒரு அடி அடிக்கும் முன்பே காலி. செத்தவன் இடத்துக்குப் பின்னாலிருந்து வருகிறவன் அந்த முறை சண்டை போட முடியாது என்பதால் எண்ணிக்கைக்கு மரியாதையே இல்லை. ‘ஹீரோஹேமர்’ என்று ஆட்டக்காரர்களே பட்டம் கொடுத்தார்கள். அதற்கு மருந்தாக வந்த பொருள்களும் விசித்திரம்: ‘பிளாக் ஜெம் ஆஃப் நார்’ என்ற கல்லைப் போட்டுக்கொண்ட சின்னத் தலைவன், எதிரியின் மகா நாயகனையும் தன்னையும் சேர்த்துக் காலத்துக்கு வெளியே உறைய வைத்துவிடுவான். எங்கள் ஆட்டத்தில் டிராகன் பிரபு இப்படி உறைந்து நின்றபோது, அவனுக்காகச் செலவழித்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்த நண்பரின் முகத்தை வர்ணிக்க வேண்டாம். எம்.ஜி.ஆர். படம் பார்க்கும் மனநிலையில் உட்கார்ந்தால் நான்கும் ஐந்தும் ஜாலி. படைநடத்தும் ஆசையில் உட்கார்ந்தால் எரிச்சல்.

ஆறாம் பதிப்பு 2000-இல் வந்தது. விதிகளை வடிவமைத்தவர் டூமாஸ் பிரினென். எம்பயர் வீரர்களும் ஓர்க்குகளும் பெட்டிக்குள். பழைய படைப் புத்தகங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் செல்லாமல் செய்துவிட்டு, எல்லா இனங்களுக்கும் ஒரே சின்னப் புத்தகத்தில் பட்டியல் கொடுத்தார்கள். ‘ரேவனிங் ஹோர்ட்ஸ்’ என்று பெயர். இந்த ஒரு காரியத்துக்காகவே அவர்களைப் பாராட்டலாம். எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டார்கள்.

நாயகர்களுக்கு மூக்கணாங்கயிறு விழுந்தது. 2000 புள்ளிப் படையில் மொத்தம் நான்கு தலைவர்கள், அதில் பிரபு ஒருவர்தான். குறைந்தது மூன்று சாதாரணப் படைப்பிரிவுகள் இருந்தே ஆக வேண்டும். சீட்டுக்கட்டு போய் மந்திரப் பகடைகள் வந்தன. இரண்டு ஆறு விழுந்தால் மந்திரத்தை யாராலும் தடுக்க முடியாது, இரண்டு ஒன்று விழுந்தால் மந்திரம் போட்டவர் தலையிலேயே விடியும்.

இப்போது நம் குதிரைகளை விடுவோம். நேர் மோதல். ஈட்டிபிடித்த ஐந்து குதிரைவீரர்களும் அவர்கள் குதிரைகளும் சேர்ந்து சராசரியாக மூன்று நான்கு பேரைச் சாய்ப்பார்கள். நான்கு என்றே வைத்துக்கொள்வோம்; சாய்த்த ஆளுக்கு ஒரு புள்ளி. கொடிக்கு ஒன்று. ஆக ஐந்து. ஈட்டிக்காரர்கள் ஒருவரைக்கூடக் கொல்லவில்லை. குதிரைவீரர்களின் கவசம் அப்படி. ஆனாலும் பின்வரிசைகளுக்கு மூன்று, கொடிக்கு ஒன்று, எண்ணிக்கையில் அதிகம் என்பதற்கு ஒன்று. அவர்களுக்கும் ஐந்து! நான்கு பேரைப் பறிகொடுத்துவிட்டு அசையாமல் நிற்கிறார்கள். யாரிடம் வாத்தியக்காரன் இருக்கிறானோ அவன் பக்கம் முடிவு சாயும்.

அதே குதிரைகளைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் மோதினால்? பின்வரிசைகளுக்கான மூன்று புள்ளிகளும் ரத்து. குதிரைகளுக்குப் பக்கவாட்டுக்கென்று ஒன்று கூடும். ஆறுக்கு இரண்டு. நான்கு புள்ளி வித்தியாசம். ஈட்டிக்காரர்களின் தலைமை எண் ஏழு. நான்கைக் கழித்தால் மூன்று. இரண்டு பகடையில் மூன்றோ அதற்குக் கீழோ விழுந்தால்தான் நிற்பார்கள். பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு. படை உடைந்து ஓடும், குதிரைகள் துரத்தும். அதே ஐந்து பேர், அதே 25 பேர். நின்ற இடம் மட்டும் வேறு. இந்த ஒரு கணக்கு போதும், ஆறாம் பதிப்பு எதைப் பற்றியது என்று சொல்ல.

இன்னொரு பக்கம் அதன் மறைப்பு. இங்கே தெரியாமை கண்ணில் இருக்கிறது. பாய்ச்சலை அறிவிக்கும் முன் டேப்பைத் தொடக் கூடாது. காலாள் எட்டு இஞ்ச், கவசக் குதிரை பதினான்கு இஞ்ச் பாயும் என்பது இருவருக்கும் தெரியும். நடுவில் எத்தனை இஞ்ச் இருக்கிறது என்பதுதான் தெரியாது. அறிவித்துவிட்டு அளந்து பார்த்து எட்டவில்லை என்றால் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான், எதிரி வந்து அடிப்பான்.

"பதினாலு இருக்காது மச்சான்."

"பதிமூன்றரைதான். பாயறேன்."

டேப் பதினான்கேகால் என்றது. அந்தக் கால் இஞ்சில் என் இடது பக்கம் முழுவதும் சரிந்தது. பீரங்கிக்கும் இதே கதைதான். தூரத்தை வாயால் சொல்லிவிட்டு, அதற்கான தனிப் பகடையை உருட்டி, விழும் எண்ணைக் கூட்டினால் குண்டு விழும் இடம். நண்பர் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பவர். அவர் கண்ணளவுக்கு முன்னால் என் கணக்கெல்லாம் எடுபடவில்லை. பயிற்சி உள்ளவருக்கு இது நியாயமற்ற சாதகம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. கண்ணளவும் ஒரு திறமைதானே, அதை மேஜைக்குக் கொண்டுவருவதில் என்ன தப்பு என்பது என் கட்சி.

குறை இல்லாமல் இல்லை. எல்லாருமே ஒரு சின்ன மந்திரவாதியை, மந்திரம் போடுவதற்காக அல்லாமல், எதிராளியின் மந்திரத்தைக் கிழிக்கும் சுருள் இரண்டைச் சுமப்பதற்காகவே அழைத்து வருவார்கள். கூலிக்காரன் வேலை. ஒரு முறை ஆட்டம் பிடிபட்டுவிட்டால் முதல் இரண்டு சுற்றும் இரு பக்கமும் பதினைந்து இஞ்ச் தள்ளி நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருப்பதும் உண்டு. பொறுமை இல்லாதவருக்கு அலுப்பு.

2006-இன் ஏழாம் பதிப்பைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஆறின் திருத்திய அச்சு. வரிசைப் புள்ளி பெற நான்கு பேர் அகலம் போதும் என்றிருந்ததை ஐந்தாக்கினார்கள். அதாவது ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் இன்னும் சில பொம்மைகள் வாங்க வேண்டும். தற்செயலாக இருக்கலாம்! விதிகள் சுத்தமாகத்தான் இருந்தன. கெடுத்தது படைப் புத்தகங்கள். 2008-இல் வந்த டீமன்கள் புத்தகம் எதிரே உட்கார்ந்தவரை ஆட்டம் தொடங்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பியது.

எட்டாம் பதிப்பு, 2010. ஐந்நூறு பக்கத்தைத் தாண்டிய தடிப் புத்தகம், முழுவதும் வண்ணம். இங்கே ஒரு தலைகீழ் மாற்றம். எப்போது வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அளக்கலாம். கண்ணளவுக்கு வேலையில்லை. ஆனால் பாயும் தூரம் நகர்வு எண்ணோடு இரண்டு பகடை. குதிரைகளுக்கு மூன்று உருட்டி நல்ல இரண்டை எடுத்துக்கொள்ளலாம். தூரம் தெரியும், எட்டுமா என்பது தெரியாது. தெரியாமை கண்ணிலிருந்து பகடைக்கு இடம் மாறிவிட்டது. கேட்கச் சின்ன விஷயம். ஆடிப் பார்த்தால் இரண்டும் இரண்டு வேறு விளையாட்டு. ஆறில் பாய்ச்சல் தவறினால் என் கண் தப்பு. எட்டில் தவறினால் பகடை தப்பு. ஆறாம் பதிப்பில் தோற்றவர் அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார். எட்டாம் பதிப்பில் தோற்றவர் அந்தப் பகடையைப் பற்றிப் பேசுகிறார்.

நம் ஐந்து குதிரைகள் இங்கே என்ன ஆகின்றன? நான்கு பேரைச் சாய்க்கின்றன. ஆனால் செத்தவர் இடத்துக்குப் பின்னாலிருந்து வருகிறவர் உடனே சண்டை போடலாம், அதனால் திருப்பி அடி முழுசாக வருகிறது. கூட்டிக் கழித்துக் குதிரைகளே ஜெயித்தாலும், எதிரியைவிட அதிக வரிசைகள் வைத்திருக்கும் படை தோல்வி வித்தியாசத்தைக் கழிக்காமல் முழுத் தலைமை எண்ணிலேயே சோதனை போடலாம். ஏழு என்றால் 36-இல் 21 வாய்ப்பு. பக்கத்தில் தளபதி நின்று அவருடைய ஒன்பதைக் கடன் கொடுத்தால் 36-இல் 30. சரி, பக்கவாட்டில் மோதுவோம் என்றால் அதுவும் பலிக்காது. வரிசையைக் குலைக்க இரண்டு முழு வரிசைகளோடு வர வேண்டும், ஐந்து குதிரை ஒரு வரிசைதான். ஆறாம் பதிப்பில் ஒரு படையையே சிதறடித்த அதே சூழ்ச்சி இங்கே வெறும் தள்ளுமுள்ளு. குதிரைகள் சிக்கிக்கொள்ளும், அடுத்த சுற்றில் ஈட்டியின் வேகம் போய்விடும், பின்னாலிருந்து இன்னொரு கூட்டம் வந்து மூடும்.

இந்தப் பதிப்பு கூட்டத்தைக் கொண்டாடுகிறது. பத்துப் பேர் அகலத்தில் நிறுத்தினால் இன்னொரு வரிசை சண்டையில் சேரலாம். அதற்கு முப்பது நாற்பது பொம்மைகள் வேண்டும். கடைக்காரருக்குப் புன்னகை. மந்திரமோ கட்டுப்பாடு இழந்தது. ஆறு பகடையை ஒரே மந்திரத்தில் கொட்டி, ‘பர்ப்பிள் சன்’ என்ற கறுத்த கோளத்தை மேஜைக்குக் குறுக்கே உருட்டிவிட்டால், சுறுசுறுப்புச் சோதனையில் தவறிய அத்தனை பேரும் சாவு. மந்தமான பல்லிமனிதர்கள் வண்டி வண்டியாகப் போனார்கள். சிரிப்புக்குக் குறைவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் கூடிக் கத்திக்கொண்டு ஆட இதுதான் சிறந்த பதிப்பு. திட்டம் போட்டு ஜெயிக்கிற சுகம் வேண்டுமானால் வேறு பக்கம் போங்கள்.

அப்புறம் நடந்ததைப் பலர் மன்னிக்கவில்லை. ‘எண்ட் டைம்ஸ்’ என்ற தொடரில் அந்த உலகத்தையே கதைப்படி அழித்துவிட்டு, 2015-இல் ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ என்று நான்கு பக்க விதிகளோடு புதிதாகத் தொடங்கினார்கள். சதுரத் தட்டு வட்டமானது, வரிசைகள் மறைந்தன, ஆரம்பத்தில் புள்ளிக்கணக்கும் இல்லை. பழைய பொம்மைகளுக்குக் கொடுத்த இலவச விதிகளில் ஒரு தளபதிக்கு, எதிராளியைவிடப் பெரிய, கம்பீரமான மீசை ஆட்டக்காரருக்கு இருந்தால் பகடையை மறுபடி உருட்டலாம் என்று ஒரு சலுகை! நான் மீசைக்காரன். இந்த ஒரு விதியோடு எனக்குச் சண்டை இல்லை. இருபது வருடம் படை சேர்த்தவர்களுக்கு அது கேலியாகப் பட்டதில் ஆச்சரியமும் இல்லை.

2024 ஜனவரியில் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ என்று சதுரத் தட்டும் வரிசையும் திரும்பி வந்தன. பழைய பதிப்புகளைப் புரட்டியவருக்கு அதைப் படிக்கும்போது தெரிந்த முகங்களாகவே தென்படும். பாய்ச்சலுக்கு நகர்வு எண்ணோடு இரண்டு பகடையில் பெரியது ஒன்று மட்டும். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். தோற்ற படை உடனே ஓடாமல் பின்வாங்கி நிற்கும் வழியும் வந்துவிட்டது. அது 1987-இன் தள்ளுமுள்ளுக்குச் சொந்தக்காரப் பிள்ளைதான்.

எதை வாங்கலாம்? ஆட என்றால் ஆறாம் பதிப்பு, யோசிக்கவே வேண்டாம். படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் புரட்ட மூன்றாம் பதிப்பு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான்கு அல்லது ஐந்து. டிராகன் ஜெயிப்பதை அவர்கள் குறையாகச் சொல்ல மாட்டார்கள். எட்டாம் பதிப்பு கூட்டாளிகள் நிறைய உள்ளவர்களுக்கு. ஏழு ஓசியில் கிடைத்தால் மட்டும்.

இவை எதுவும் இப்போது அச்சில் இல்லை, பழைய சரக்காகத்தான் தேட வேண்டும். ஆறாம் பதிப்பு வாங்குகிறவர்கள் கவனிக்க. ‘ரேவனிங் ஹோர்ட்ஸ்’ இல்லாமல் தனிப் படைப் புத்தகங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கக் கிளம்பினால் பர்ஸ் காலியாகும். பீரங்கிக்கும் கல்லெறி பொறிக்குமான இரண்டு தனிப் பகடைகளும் விற்பவரிடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பரவாயில்லை: சாதாரணப் பகடை ஒன்றின் ஐந்து முகங்களில் 2, 4, 6, 8, 10 என்று ஒட்டி, ஆறாவதில் ‘வெடித்தது’ என்று எழுதிக்கொண்டால் பீரங்கிப் பகடை தயார். பொம்மை வாங்கும் எண்ணமிருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. பழைய பதிப்புகளில் மனிதனுக்கு 20 மில்லிமீட்டர் தட்டு. ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ அதை 25 ஆக்கிவிட்டது. இரண்டையும் ஆடுவதாக இருந்தால் பொம்மைகளைச் சின்னத் தட்டில் ஒட்டி, பெரிய இடைவெளி விட்ட ட்ரே ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள்.